குறிப்புக்கான கட்டம்

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து பார்ப்பது
என் உத்தியோகம்.
ஆடிக் கடைசியில் வந்து சேர்ந்தேன்,
எண்பத்தொரு தடவை திறந்தேன்,
எண்பத்தொரு பூச்சியம்.
ஒரு நாள் உள்ளே தவளை ஒன்று இருந்தது.
அதுவும் என்னைப்போலப் பார்க்க வந்ததுதான்.

நானுஓயாவில் எங்கள் லயத்துத் தகரத்தில்
மழை ஓய்ந்தால்தான் எனக்குத் தூக்கம் கலையும்.
இங்கே, முதிரைமோட்டையில்,
முதல் வாரம் முழுக்க விழித்துக் கிடந்துவிட்டுச்
சூடு என்று எல்லோரிடமும் சொன்னேன்.
சூடு இல்லை.
சத்தமில்லாத கூரை.

பேருந்து ஒன்று. மாங்குளத்திலிருந்து வரும்,
குளக்கட்டோடு திரும்பிவிடும்.
அது வராவிட்டால் தவராசாவின் கடையில்
பாண் இல்லை, பத்திரிகை இல்லை.
நேற்றைய பத்திரிகையை
அவரே ஒருமுறை மறுபடி மடித்து வைப்பார்,
இன்றையதுபோல் இருக்கட்டும் என்று.

கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள்
வெள்ளை ஓடு கட்டிற்று.
இரண்டு மாதம் சுரண்டினேன், பிறகு விட்டுவிட்டேன்.
அம்மா அனுப்பிய எங்கள் மலைத் தேயிலை
இந்தத் தண்ணீரில் இறங்கியதும்
நிறம் மாறிற்று, ருசி மாறிற்று.
நானாவது முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

சிக்னல் துருசுக்கு மேலே,
மருதமரத்தின் வளைந்த கிளைக்கு நேர் கீழே.
ஒரு சாண் தள்ளி நின்றாலும் இல்லை.
அங்கே நின்று தங்கச்சிக்கு "ஓம்" சொன்னேன்.
"யாருங்க பேசுறது?" என்றாள்.
சிரித்து முடிக்க அவளுக்கு நேரமெடுத்தது.
கிளையிலிருந்த குரங்கு எழுந்து போய்விட்டது.

ஆறு மணிக்குப் பிறகு யாரும் வெளியே இறங்குவதில்லை.
வேலியில் மின்சாரம் ஓடுகிறதாம்.
அது யானைக்கும் தெரியுமாம்,
எந்த இடத்தில் ஓடவில்லை என்பதும்.

ஐப்பசி ஒன்பதாம் இரவு மழை வந்தது.
எழுந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு சரி.
இங்கு வந்தபிறகு முதல் தடவையாக
அப்படித் தூங்கினேன்.

காலையில் போனால், மானி இல்லை.
பத்தடி தள்ளிச் சப்பிப்போட்ட கரும்புச் சக்கைபோல
நெளிந்து கிடந்தது.
அது நின்ற இடத்தில் ஒரு கால்தடம்,
தடம் நிறைய மழை.
அதை அளக்க விதியில்லை.

மழை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் 'யானை' என்று எழுதினேன்.
யோசித்துவிட்டு 'ஒன்று' என்று சேர்த்தேன்.

ஒன்பது மணிக்கு யோகமலர் வந்தாள்,
கமக்காரர் அமைப்பின் பொருளாளர்.
கையில் பால்மாப் பேணி,
வாயில் பீங்கான் தட்டு கவிழ்த்து.
"உங்கட மழையை யானை விழுத்திப்போட்டுதாம்.
இது எங்கட மழை. அளந்து எழுதுங்கோ."

அரை மைல் சேற்றில் நடந்திருக்கிறாள்.
இரவு எத்தனை மணிக்கு வைத்தது,
முற்றத்தில் மரம் நிற்கிறதா, கூரைத் தண்ணீர் தெறிக்குமா
என்றெல்லாம் நான் கேட்டேன்.
"மரத்துக்குக் கீழ ஆரும் வைப்பினமோ?"

நேரான பேணி. அடிமட்டத்தை இறக்கினேன்.
இருபத்துமூன்று.
குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி பார்த்தேன்.
அவளும் மறுபக்கம் குனிந்து பார்த்தாள்.
இருபத்துமூன்றுதான்.

"விதைக்கலாமோ?"
"இன்னொன்று வரட்டுமே" என்றேன்,
ஏதோ நாலு போகம் கண்டவன்போல.
"அது எங்களுக்கும் தெரியும்," என்றாள்.
"பேணியைத் தாங்கோ, பால் கறக்க வேணும்."

இரண்டு கிழமை கழித்துத் தலைமை அலுவலகக் கடிதம்:
யானை என்பது ஏற்கத்தக்க விளக்கமல்ல.
மேலும், பயன்படுத்திய பேணியின் தரம் யாது?

பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
'நானூறு கிராம், வாய் நெளியாதது,
பின்னர் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது'
என்பதுவரை வந்தாயிற்று.
அவசரமில்லை.
மூன்று நாளாகப் பேருந்து இல்லை,
கட்டில் சேறு,
கூரையில் நல்ல சத்தம்.